வீட்டில் வார்த்த காபன் ஜெட்ஸ்கி ஹல்: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

திருகோணமலையில் ஃபைபர் வேலை தெரிந்தவருக்குப் பஞ்சமில்லை. திருக்கடலூரிலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ எந்தக் கரையில் நின்று கேட்டாலும், படகு ஓட்டை அடைக்கத் தெரிந்த ஒருவர் தேத்தண்ணி ஆறுவதற்குள் வந்து நிற்பார். நின்று ஓட்டும் ஜெட்ஸ்கிக்கு வீட்டுக் கொட்டிலில் காபன் துணியில் ஹல் (வெளி உடல்) செய்கிறவனுக்கு இது பெரிய உதவி, பெரிய தொல்லையும் இதுதான். அவர்களின் கை பழகியது பொலியெஸ்டர் ரெசினுக்கும் கண்ணாடி மேட்டுக்கும் (நெய்யாமல் நூல்களைப் பசையால் ஒட்டிய விரிப்பு). காபனுக்கு நாம் ஊற்றுவது எபொக்சி. இரண்டும் டின்னில் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், குணம் முழுக்க வேறு. எனக்கு வந்த கோளாறுகளில் பெரும்பாலானவை அந்தப் படகுப் பழக்கத்தை இதற்குள் கொண்டுவந்ததால் வந்தவை.

என்னுடையது பழைய யமஹா சூப்பர்ஜெட். வெடித்துப்போன பழைய ஹல்லில் இருந்தே மோல்ட் (அச்சு) எடுத்து, அடிப்பாகம், மேல்பாகமான டெக் என்று இரண்டு துண்டாக வார்த்து ஒட்டி, அதே 701 சிசி இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சினையும் பம்பையும் மாற்றி வைத்தேன். முதல் ஹல் குப்பைக்குப் போனது, இரண்டாவது ஓடுகிறது. நீங்கள் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறீர்களோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

அடுத்த நாளும் பிசுபிசுக்கிறது

முதலில் எங்கே பிசுபிசுக்கிறது என்று பாருங்கள். முழுக்கவா, திட்டுத் திட்டாகவா, மேல் தோல் மட்டுமா?

முழுக்க மெத்தென்று, நகத்தை அழுத்தினால் தடம் விழுகிறது என்றால் கலவை அளவு பிழை. பக்கத்து வீட்டு அண்ணை எனக்குச் சொன்னது: "தம்பி, மழைக்குணமாக் கிடக்கு, ஹார்ட்னரைக் கொஞ்சம் கூட ஊத்து." பொலியெஸ்டருக்கு அது சரி. அங்கே ஊற்றுவது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான், அது வேலையைத் தூண்டிவிடும் சாமான், கொஞ்சம் கூடினால் கெதியாக இறுகும். எபொக்சியின் ஹார்ட்னர் அப்படியில்லை, அது ரெசினோடு சேர்ந்து ஒரே பொருளாக மாறுகிற மறுபாதி. கூட ஊற்றினால் கூடின பங்குக்குச் சோடி கிடைக்காமல் அப்படியே உள்ளே நிற்கும், எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் இறுகாது. இன்னொரு பொறி, டின்னில் கன அளவுக்கு 2க்கு 1 என்று போட்டிருப்பதைத் தராசில் 2க்கு 1 என்று நிறுப்பது. ஹார்ட்னர் ரெசினைவிட இலேசு, அதனால் நிறையில் அப்படிப் போட்டால் ஹார்ட்னர் கூடிவிடும். டின்னில் நிறைக் கணக்கு தனியாக இருக்கும், அதைப் பார்த்து டிஜிட்டல் தராசில் கிராம் கணக்கில் நிறுங்கள். இந்தக் கோளாறுக்கு மருந்து கிடையாது, மெத்தென்று கிடப்பதைச் சுரண்டி எடுக்க வேண்டியதுதான். மேலே நல்ல கலவை பூசினால் சரியாகிவிடும் என்று நானும் நம்பினேன். சரியாகவில்லை.

திட்டுத் திட்டாக என்றால் கலக்கியது போதாது. கப்பின் அடியிலும் ஓரத்திலும் ஒட்டிக்கிடப்பது கலக்காத ரெசின், கடைசியில் கப்பைக் கவிழ்த்து வழித்து ஊற்றும்போது அதுதான் ஹல்லில் விழுகிறது. ஒரு கப்பில் கலக்கி, வேறு சுத்தமான கப்புக்கு மாற்றி, திரும்பவும் கலக்குங்கள். அந்தக் கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட வேண்டாம்.

உள்ளே கல்லுப்போல் இறுகி, மேலே மட்டும் மெழுகு தடவின மாதிரி வழுக்கினால் பயப்பட ஒன்றுமில்லை. ஈரக்கையால் தடவிப் பாருங்கள், சவர்க்காரம் போல் வழுவழுக்கும். ஹார்ட்னரில் இருக்கும் அமீன் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே விடுகிற படலம் அது. கார்த்திகை மார்கழியில் வாடைக்காற்று அடிக்கும்போது கொட்டிலில் வேலை செய்தால் இது வந்தே தீரும். வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சைத் தும்பும் போதும், கழுவித் துடைத்துக் காய்ந்தபிறகு சாண்ட் பேப்பர் போடுங்கள். கழுவாமல் நேரே தேய்த்தால் அந்தப் படலத்தைக் கீறலுக்குள் அரைத்து ஏற்றிவிடுவீர்கள். தின்னரால் துடைப்பதும் அதே கதைதான், இழுபட்டுப் பரவும். அடுத்த தட்டுத் துணியோ பெயின்ட்டோ பிறகு உரிந்து வரும். ஒவ்வொரு நாள் வேலை முடியும்போதும் மேலே பீல் பிளை என்ற, இறுகியபின் உரித்தெடுக்கிற துணியைப் போட்டுவிட்டால் மறுநாள் அதை உரிக்கும்போது படலமும் சேர்ந்து போய்விடும்.

கப்பில் புகை வருகிறது

கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு ஏழு கிணறு, எட்டாவது என் கொட்டிலில் இருக்கிறது என்று மச்சான் பகிடி விட்டான். எபொக்சி இறுகும்போது சூடு விடும். அகலமாகப் பரப்பினால் சூடு வெளியே போகும், கப்பில் குவிந்து கிடந்தால் அந்தச் சூடே இறுகுவதை இன்னும் விரைவாக்கி, அது இன்னும் சூடு விட்டு, கடைசியில் பிளாஸ்டிக் கப் உருகிக் கீழே கசியும். டின்னில் எழுதியிருக்கும் வேலை நேரம் பொதுவாக 25 பாகையில் அளந்தது. வெப்பம் 10 பாகை கூடினால் நேரம் ஏறக்குறைய பாதியாகும். தகரக் கூரைக்குக் கீழே வைகாசி மாதப் பகலில் என்ன கதி என்று கணக்குப் பாருங்கள்.

விடிய ஐந்து மணிக்குத் தொடங்குங்கள், அல்லது மெதுவான ஹார்ட்னர் வாங்குங்கள். 300 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள், கலக்கியதும் தட்டையான தட்டில் ஊற்றிவிடுங்கள். புகைக்கத் தொடங்கிய கப்பைக் குப்பைக் கூடையில் போடாமல் வெளியே வெறும் மணலில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள், அந்தப் புகை நல்லதில்லை.

துணியில் ரெசின் போகாத உலர்ந்த திட்டு

உலர்ந்த துணிக்கு மேல் பை போட்டு மூடி, பம்ப்பால் காற்றை உறிஞ்சி வேக்யூமில் ரெசினை உள்ளே இழுக்கிறவர்களுக்கு இது. கையால் றோலர் போடுகிறவர்கள் துணியின் நிறைக்குச் சமமான நிறை ரெசினை எடுத்துக்கொண்டு பொறுமையாகத் தேய்த்தால் போதும். காபனில் ஒரு வஞ்சகம் உண்டு. கண்ணாடித் துணி நனைந்தால் கண்ணாடிபோல் தெளியும், நனையாத இடம் வெள்ளையாகக் காட்டிக் கொடுக்கும். காபன் நனைந்தாலும் கறுப்பு, நனையாவிட்டாலும் கறுப்பு. டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து மினுக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உலர்ந்த திட்டு வந்தால் முதல் சந்தேகம் காற்றுக் கசிவு. நான் ஏசி திருத்துகிறவரிடம் இரண்டு கட்ட வேக்யூம் பம்ப் வாடகைக்கு எடுத்தேன், பழைய ஃபிரிட்ஜ் கொம்ப்ரசரும் இழுக்கும், ஆனால் இவ்வளவு பெரிய பைக்கு அது மூச்சு வாங்கும். ரெசின் திறக்க முன்னர் பம்ப்பை நிறுத்திக் குழாயைக் கிளிப் போட்டு இறுக்கிவிட்டு கால் மணி நேரம் மானியைப் பாருங்கள். முள் அசைந்தால் ரெசின் கலக்கவே வேண்டாம். பை மடிப்பின் மூலைகளிலும் குழாய் நுழையும் இடத்திலும்தான் பெரும்பாலும் கசியும், காதை வைத்தால் சீ என்று கேட்கும். ரெசின் ஓடும்போது வெளியேறும் குழாயில் குமிழ் நிற்காமல் வரிசையாக வந்துகொண்டே இருந்தாலும் அதே அர்த்தம்தான்.

கசிவே இல்லாமல் திட்டு வந்தால் ரெசின் குறுக்கு வழியால் ஓடியிருக்கிறது. ஹல்லின் ஓர மடிப்பு நெடுக துணி சரியாகப் படியாமல் இருந்தால் அந்த இடைவெளி வாய்க்கால்போல் வேலை செய்யும், ரெசின் அதால் ஓடிப்போய் வெளிக்குழாயை அடைத்துவிடும், நடுவில் ஒரு தீவு உலர்ந்து கிடக்கும். பின்னால் ஜெட் பம்ப் உட்காரும் பம்ப் சுரங்கத்தின் உள் மூலைகளிலும் இதே தொல்லை. மூலைக்குள் விரலால் துணியை அமர்த்தி, பையில் அந்த இடத்தில் தாராளமாக மடிப்பு விடுங்கள். பை இறுகி நின்றால் துணியை மூலைக்குள் தள்ளாது, பாலம்போல் தொங்கவிடும்.

கறண்ட் போனால்? எல்லாக் குழாயையும் உடனே கிளிப் போடுங்கள். கசிவில்லாத பை என்றால் திரும்ப வரும்வரை தாங்கும்.

திட்டு பெருவிரல் அளவென்றால் இறுகியபின் இரண்டு சிறு ஓட்டை போட்டு, ஊசியால் ஒன்றில் ரெசின் ஏற்றுங்கள், மற்றதில் வழியும்வரை. உள்ளங்கை அளவைத் தாண்டினால், அதுவும் அடியிலோ பம்ப் சுரங்கத்திலோ என்றால், அரைத்து எடுத்துவிட்டுப் புதுத் துணி போடுங்கள். அரைக்கும்போது ஓரத்தை நேராக வெட்டாமல் சரிவாக, ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கு 20 மில்லிமீற்றர் அகலம் என்று சரித்து இறக்க வேண்டும்.

மேற்பரப்பில் ஊசி ஓட்டைகள்

பலத்துக்குப் பெரிதாகப் பாதிப்பில்லை, அழகுக்குத்தான். மெல்லிய எபொக்சியை றப்பர் தகட்டால் வழித்து ஓட்டைக்குள் அழுத்துங்கள், பிரஷ்ஷால் பூசினால் ஓட்டையை மூடிக் காற்றை உள்ளே சிறை வைத்துவிடும்.

மோல்ட்டை விட்டு வர மறுக்கிறது

என் முதல் ஹல் இதில்தான் போனது. மெழுகு இரண்டு தடவை போட்டேன், புது மோல்ட்டுக்கு ஐந்தாறு தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நேரம் விட்டுப் போட வேண்டும். மேலே பிவிஏ என்ற, ஒட்டாமல் தடுக்கும் திரவம் பூசியிருந்தால் இன்னும் வழி உண்டு, அது தண்ணீரில் கரையும். ஓரத்தில் மர ஆப்பை மெதுவாக இறக்கி, இடைவெளிக்குள் தண்ணீரை விட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் காற்றடியுங்கள், றப்பர் சுத்தியலால் மோல்ட்டின் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஸ்க்ரூ டிரைவரை நுழைக்க வேண்டாம். நான் நுழைத்தேன், நுனி மூன்று அங்குலம் தட்டுகளுக்கு நடுவில் போய் நின்றது.

தட்டினால் பொத்தென்று கேட்கிறது

பத்து ரூபாய்க் காசை எடுத்து ஹல் முழுக்க விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இடம் டக் டக் என்று கூர்மையாகச் சொல்லும், உள்ளே தட்டு விட்டிருந்தால் பழுத்த பலாப்பழம்போல் பொத்தென்னும். அந்த இடத்தைச் சுற்றிச் சோக்கால் கோடு போட்டு வையுங்கள், ஓடியபிறகு கோட்டைத் தாண்டி வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். வளர்ந்தால் திறந்து பார்க்கத்தான் வேண்டும். ஃபோம் நடுவில் வைத்த டெக்கில் கால் வைக்கும் தட்டுத்தான் முதலில் விடும். ஃபோமை உலர்ந்தபடி ஒட்டினால் அது ரெசினைக் குடித்துவிட்டு ஒட்டாமல் நிற்கும், முதலில் அதன் முகத்தில் சிலிக்கா கலந்த தடித்த எபொக்சியை வழிக்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் யாராவது "மேல ஒரு மேட்டைப் போடு" என்பார்கள். போடாதீர்கள். படகுக்குப் போடும் மேட்டில் நூல்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை பொலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில் கரைவதற்கென்று வைத்தது, எபொக்சியில் அது கரையாது, மேட் விறைத்து வெள்ளையாகவே நிற்கும். சரி, பொலியெஸ்டராலேயே ஒட்டுவோம் என்றால் இறுகிய எபொக்சியில் அது நன்றாகப் பிடிக்காது, ஒரு பருவத்துக்குள் ஓரத்தில் நகம் கொடுத்து உரிக்கலாம். எபொக்சி ஹல்லுக்கு எபொக்சிதான், நெய்த துணிதான்.

வெயிலில் நிறுத்தினால் நெளிகிறது, நெசவுக் கோடு எழும்புகிறது

கொட்டில் வெப்பத்தில் மட்டும் இறுகிய எபொக்சி ஏறக்குறைய 50 பாகையிலேயே இளகத் தொடங்கும். உப்புவெளிக் கரையில் கச்சான் காற்று அடிக்கும் மத்தியானம் கறுப்பு ஹல்லை மணலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் அதன் தோல் 70 பாகையைத் தாண்டும். நான் திரும்பி வந்தபோது, டிரெய்லர் கட்டை அழுத்திய இடத்தில் அடி சப்பையாகியிருந்தது.

வார்த்தபிறகு, மோல்ட்டை விட்டுக் கழற்ற முன்னரே, திரும்பவும் சூடேற்ற வேண்டும். ரெசின்காரர் தந்த தாளில் எத்தனை பாகை, எத்தனை மணி என்று இருக்கும், பெரும்பாலும் 60 முதல் 80 பாகை, சில மணி நேரம். நான் மோல்ட்டைச் சுற்றிச் சட்டம் அடித்து, பழைய மெத்தைப் பஞ்சும் கறுப்புப் பொலித்தீனும் மூடி, உள்ளே ஹீற்றரும் சின்ன ஃபேனும் இறைச்சி வெப்பமானியும் வைத்து, மணிக்கு 10 பாகையாக ஏற்றினேன். ஏற்றுவதிலும் இறக்குவதிலும் அவசரப்பட்டால் வளையும். ஆள் பக்கத்தில் இல்லாமல் ஹீற்றரை ஓட விடவே கூடாது. வெளியே எடுத்து வெயிலில் காயவிடுவது மாற்று வழியாகாது, தாங்க மோல்ட் இல்லாமல் எந்த வடிவத்தில் இளகுகிறதோ அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். பிறகு வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். நெசவைக் காட்ட ஆசை இருக்கும், எனக்கும் இருந்தது, மூடியில் மட்டும் காட்டினேன்.

போல்ட்டைச் சுற்றி வெள்ளை மா, பெயின்ட் கொப்புளம்

இதை நிறையப் பேர் கவனிக்காமல் விடுகிறார்கள், ஆனால் ஹல்லில் பூட்டிய உலோகத்தை மெல்லத் தின்பது இதுதான். காபன் மின்சாரம் கடத்தும். காபனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புத் தண்ணீரும் இருந்தால் பற்றரி ஆகிவிட்டது, அதில் கரைகிற பக்கம் அலுமினியம். ஜெட்ஸ்கியில் பம்ப் உடல், அடித்தகடு, இஞ்சின் கால்கள் எல்லாமே அலுமினியம். கண்ணாடி ஹல்லில் இந்தப் பிரச்சினை இல்லாததால் படகுக்காரர் யாரும் எச்சரிக்கப் போவதில்லை. என் அடித்தகட்டைக் கழற்றியபோது காபனில் படிந்திருந்த முகம் எறும்பு அரித்த சீனிக்கட்டிபோல் குழி விழுந்திருந்தது. ஓடியது ஒரே பருவம்தான்.

செய்ய வேண்டியது காபனையும் உலோகத்தையும் பிரிப்பது. உலோகம் படியும் ஒவ்வொரு இடத்திலும் காபனுக்கு மேல் ஒரு தட்டு கண்ணாடித் துணி போடுங்கள். போல்ட் ஓட்டைகளைத் தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, தடித்த எபொக்சியால் முழுக்க அடைத்து, இறுகியபின் நடுவில் சரியான அளவில் திரும்பத் துளையுங்கள், அப்போது போல்ட் காபனின் வெட்டு முகத்தைத் தொடாது. ஃபோம் இருக்கும் இடமென்றால் தண்ணீர் ஃபோமுக்குள் போவதையும் இதுவே தடுக்கும். சீலன்ட்டைத் தடவி ஈரமாக இருக்கும்போதே முறுக்குங்கள். போல்ட்டுக்கு 316 ஸ்டெயின்லெஸ் போதும், கைக்கு எட்டினால் டைட்டானியம். உள்ளே மல்ட்டிமீற்றரை வைத்துக் காபனுக்கும் பம்ப்புக்கும் இடையில் பீப் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் எங்கோ தொடுகிறது.

இஞ்சின் காலடியில் வெடிப்பு, கப்ளருக்குக் கீழே கறுப்புத் தூள்

வெடிப்பு என்றால் போல்ட்டுக்குக் கீழே ஃபோம் இருக்கிறது. இறுக்கும்போது ஃபோம் நசியும், இஞ்சின் அதிர்வில் இன்னும் நசியும். காலடியில் ஃபோமை முழுக்க வெட்டி எடுத்துவிட்டு கட்டித் தட்டு வைத்து, ஓரங்களுக்குத் தடித்த எபொக்சியால் தாராளமாக மூலைக்கட்டுப் போட்டு மேலே துணி ஏற்றுங்கள். முன்னால் கைப்பிடித் தண்டு பூட்டுமிடத்துக்கும் இதே வைத்தியம், குதிக்கும்போது ஆளின் பாரம் முழுக்க அங்கேதான் இழுக்கிறது.

கறுப்புத் தூள், இஞ்சினையும் பம்ப் தண்டையும் இணைக்கும் கப்ளரின் றப்பர் அரைபட்டது. இஞ்சினும் பம்ப் தண்டும் ஒரே கோட்டில் இல்லை. பூரணமாக இறுக முன்னர் ஹல்லைக் கழற்றியிருந்தால் முறுகியிருக்கும், பம்ப் சுரங்கம் ஒரு பக்கம் பார்க்கும். சிறு வித்தியாசத்தை இஞ்சின் காலுக்குக் கீழே சிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிப்படுத்தலாம். பெரிதென்றால் பம்ப் இருக்கையையே அரைத்துத் திரும்ப வைக்க வேண்டும்.

உள்ளே தண்ணீர்

கடலில் தேடாதீர்கள். தரையில் வைத்து, திறப்புகளை எல்லாம் பொலித்தீனும் டேப்பும் கொண்டு மூடி, ஊதுகுழலால் மிக மெல்லிய அழுத்தம் கொடுத்து, டெக்கும் அடியும் சேரும் ஒட்டு முழுக்கச் சவர்க்கார நுரையைத் தடவுங்கள். குமிழ் விடுமிடம் தெரிந்துவிடும். பலமாக அடித்தால் ஒட்டே பிளக்கும்.

மிதப்புக்கு வைத்த ஃபோமையும் பாருங்கள். கதவு நிலைக்கு அடிக்கும் டப்பா ஃபோம் மெல்ல மெல்லத் தண்ணீர் குடிக்கும், அப்போது ஓட்டை இல்லாமலே ஹல் பாரமாகிக்கொண்டு போகும். படகுக்கென்று வரும் இரண்டு பாகம் கலக்கும் ஃபோம்தான் வேண்டும். ஒரு லீற்றர் ஃபோம் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும். பாரம் குறைக்க ஆசைப்பட்டு அதை விட்டுவிட்டால் கவிழ்ந்து தண்ணீர் ஏறும் முதல் நாளே ஹல்லும் இஞ்சினும் கொட்டியாரக் குடாவின் அடியில் கிடக்கும்.

கிரைண்டர் ஷொக் அடிக்கிறது, கை அரிக்கிறது

காபன் தூளும் மின்சாரம் கடத்தும். மோட்டருக்குள் போனால் ஷோர்ட் ஆகும். ஈரமாக வைத்துக் கையால் தேயுங்கள், கிரைண்டர் தேவையென்றால் பக்கத்தில் வேக்யூம் கிளீனர் ஓடட்டும், வேலை முடிந்ததும் கிரைண்டரைக் காற்றடித்து ஊதுங்கள், முகமூடி கட்டாயம். மணிக்கட்டில் சிவந்து அரித்தால் அது தூள் மட்டுமில்லை, எபொக்சி ஒவ்வாமையாக இருக்கலாம். ஒருதரம் வந்தால் போகாது, அடுத்த முறை இன்னும் கூடும். அரிப்பு ஆறும்வரை வேலையை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். திரும்பத் தொடங்கும்போது நைட்ரைல் கையுறையும் நீளக்கைச் சட்டையும் இல்லாமல் ரெசின் பக்கம் போகாதீர்கள், கையை அசிட்டோனால் கழுவுகிற பழக்கத்தையும் விடுங்கள்.

இஞ்சின் கத்துகிறது, வண்டி போகவில்லை. அல்லது மூக்குத் தாவுகிறது

கத்துகிறது என்றால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. புது ஹல்லில் பம்ப் இருக்கைக்கும் பம்ப்புக்கும் இடையிலான சீலன்ட்தான் முதல் சந்தேகம், கழற்றித் துடைத்துத் திரும்பப் பூசுங்கள். அப்புறம்தான் இம்பெல்லருக்கும் (பம்ப்புக்குள் சுழலும் விசிறி) அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் உள்ள இடைவெளி, அப்புறம் தண்ணீர் ஏறும் வாயின் ஓரத்தில் எங்கேயாவது ரெசின் மேடு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது.

மூக்கு எழும்பி விழுந்து எழும்பி விழுந்து போனால் ஹல்லைக் கவிழ்த்து, பின்பக்கக் கடைசி ஒரு மீற்றரில் நேரான அலுமினியச் சட்டத்தை நீளவாக்கில் வையுங்கள். கவிழ்த்துக் கிடக்கும்போது சட்டம் நடுவில் தொட்டுப் பின் நுனியில் வெளிச்சம் தெரிந்தால், நிமிர்த்தி ஓட்டும் நிலையில் அடி பின்னால் மேல்நோக்கி வளைந்திருக்கிறது, தாவுவது அதனால்தான். நுனியும் முன்னும் தொட்டு நடுவில் வெளிச்சம் என்றால் பின் நுனி கீழே கொக்கிபோல் இறங்கியிருக்கிறது, அப்போது மூக்கு தண்ணீரை உழும். ஒரு பக்கம் இழுத்தால் இடது வலது இரண்டு ஓரத்திலும் தனித்தனியாக வைத்து ஒப்பிடுங்கள். தடித்த எபொக்சியால் நிரப்பி நீளமான பலகையில் சாண்ட் பேப்பர் ஒட்டித் தேய்த்துச் சரிப்படுத்தலாம், பின் ஓரத்தை மட்டும் உருட்டாமல் கூராக விடுங்கள், தண்ணீர் அங்கே சட்டென்று விட்டுப்போக வேண்டும்.

ஓட்டிப் பார்க்க வாடை ஓய்ந்தபிறகு காலைக் கடல்தான் நல்லது, உப்புவெளிப் பக்கம் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடக்கும். உள்துறைமுகம் இன்னும் அமைதி என்று நேவித் தளத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். முதல் நாள் கயிறு கட்டிய வள்ளம் ஒன்று கூடவே வரட்டும், பத்து நிமிடம் ஓடிவிட்டுக் கரைக்கு வந்து மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பாருங்கள், ஈரமா காய்ந்ததா என்று.